உஷா பிறந்த வீடு

சவுத் சிட்டி மாலில் சுற்றும்போது, இந்த இடத்தில் ஒரு காலத்தில் தையல் மிஷின் செய்தார்கள் என்றால் என் பையன் நம்ப மாட்டேன் என்கிறான். கொல்கத்தா பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் 2008இல் மால் திறப்பதற்கு முன்னால் அங்கே இருந்தது ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ். நம்ம ஊர் வீடுகளில் பூப்போட்ட உறைக்குள் உட்கார்ந்திருந்த உஷா மிஷினுக்கு அதுதான் பிறந்த வீடு.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கினார், ஐசக் சிங்கர் 1851இல். வங்கிக்காரனான எனக்குப் பிடித்தவர் இவர்கள் இருவருமே இல்லை, சிங்கரின் கூட்டாளியான வக்கீல் எட்வர்ட் கிளார்க். சாதாரணக் குடும்பம் மொத்தமாகக் கொடுக்க முடியாத விலை அது. "கொஞ்சம் முன்பணம் கட்டி மிஷினை எடுத்துப் போங்க, மீதி மாதாமாதம்" என்று 1856இல் வழி செய்தார். இன்று நான் கையெழுத்துப் போடும் இ.எம்.ஐ. எல்லாவற்றுக்கும் அவர் பெரியப்பா முறை :-)

1924இல் இயந்திரங்கள் பற்றிக் கேட்ட ராமச்சந்திரனிடம், தையல் மிஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். (சிங்கரின் குடும்பக் கதை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அது தனிப் பதிவு!) ஆனால் அந்த மிஷின் அப்போது கப்பலில்தான் வந்தது. 1930களின் நடுவில்தான் பிஷன் தாஸ் பாசில் கொல்கத்தாவில் சொந்தமாகச் செய்து, தன் மகள் பெயரை வைத்தார். 1938இல் நிறுவனம் டெல்லி லாலா ஸ்ரீராம் கைக்குப் போனது.

இதையெல்லாம் நான் தோண்டக் காரணம் தங்கமணி. மறைந்த என் அம்மாவின் பருத்திச் சேலைகளை அடுக்கிப் போர்வையாகத் தைக்க வேண்டும், எந்த மிஷின் வாங்கலாம் என்று கேட்டாள். வங்காளிகளின் காந்தா இதே முறைதான்: பழைய சேலைகளை வெட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக் கையால் ஓட்டுத்தையல் போடுவது. வெட்ட வேண்டாம் என்பதே எனக்குப் பாதி நிம்மதி. ஊசி கிழித்துவிட்டால் வேறு சேலை கிடையாதே.

கடையில் காட்டிய மிஷின் பல டிசைன் போடும். அதற்காக ஊசி இடமும் வலமும் நகர வேண்டும், எனவே அடித்தகட்டில் நீளமான துளை இருக்கும். நைந்த துணியை ஊசி அந்தத் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடலாம். கறுப்பு உஷாவோ சிங்கர் 15 வழி வந்த, நேர்த்தையல் மட்டுமே போடும் பிறவி. ஊசி நுழையும் அளவுக்குச் சின்ன வட்டத் துளை. துணி அசையாது. மேலே இருக்கும் திருகைத் தளர்த்தினால் அமுக்குப் பாதத்தின் அழுத்தமும் குறையும்.

அதற்கும் குறை உண்டு. ஊசிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண் கூட இடமில்லை, போர்வையைப் பாய் போலச் சுருட்டித்தான் நுழைக்க வேண்டும். கை மிஷினென்றால் ஒரு கை சக்கரத்துக்கே போய்விடும், இவ்வளவு கனத்தை மற்ற கை தாங்காது. ஆகவே கால் மிஷின் என்று முடிவு. பெரியம்மா வீட்டில் சும்மா கிடந்த உஷா ஸ்டாண்டோடு லாரியில் வந்து சேர்ந்தது. தோல் பெல்ட் மட்டும் மாற்ற வேண்டும்.