கம்பளிக் கிடங்கில் குடிபுகுந்தோர்

இங்கிலாந்தின் பழைய சிற்றூர்களைப் படம்பிடித்து வெளியிடும் நாட்காட்டிகளில் தவறாது இடம்பெறும் காட்சி ஒன்று உண்டு. சரிந்து செல்லும் பாதையோரத்தில், தேன் நிறக் கல்லாலான சிறு வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் வரிசையாக நிற்கும். குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், கோல்ன் ஆற்றங்கரையில் அமைந்த பைபரி என்னும் ஊரின் ‘ஆர்லிங்டன் வரிசை’ அது. அதன் அழகைக் கண்டு வியந்தோர் பலர். அது முதலில் ஒரு கிடங்காக இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

ஏறத்தாழ 1380இல் துறவியர் தம் கம்பளியைச் சேர்த்து வைக்க எழுப்பிய கட்டடம் இது. காட்ஸ்வோல்ட் மேட்டு நிலத்து ஆடுகளின் நீண்ட மயிருக்கு அந்நாளில் ஐரோப்பா முழுதும் பெருமதிப்பு இருந்தது. பைபரியின் ஆலயம் ஆக்ஸ்ஃபோர்டு நகரை அடுத்த ஓஸ்னி மடத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. அகுஸ்தினார் சபைத் துறவியர் வாழ்ந்த அம்மடம் செல்வமும் செல்வாக்கும் மிக்கது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் அதுவும் மூடப்பட்டது. அதன் பெருமணி கிறிஸ்து ஆலயக் கல்லூரிக்குச் சென்றது. மதில்களோ பெரும்பாலும் மண்ணோடு மண்ணாயின. மாமடம் மறைந்தது, ஆட்டு மயிர் அடுக்கிய எளிய கட்டடம் நின்றுவிட்டது! வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

பதினேழாம் நூற்றாண்டில் அந்நீண்ட கூடத்தைக் குறுக்குச் சுவர்களால் தடுத்து நெசவாளரின் குடியிருப்புகளாக்கினர். கூரையைத் துளைத்து முக்கோண முகப்புகளும் அவற்றில் சாளரங்களும் அமைந்தன. இன்று நம் கண்ணைக் கவரும் அந்த ஏற்ற இறக்கமான வடிவம், இருண்ட கிடங்கை மனிதர் வாழ்வதற்கு ஏற்றதாக்கிய முயற்சியில் பிறந்தது.

கூரையைச் சற்று உற்று நோக்க வேண்டும். சுவரைப் போலவே அதுவும் சுண்ணாம்புக் கல்தான். கல்லைத் தகடுகளாகப் பிளந்து, துளையிட்டு, மர முளைகளால் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். அகன்று கனத்த தகடுகள் இறவாரத்தில். மேலே செல்லச் செல்லச் சிறியவை. முகட்டருகே மிகச் சிறியவை. மழைநீர் தங்காது வழிந்தோடக் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். இத்தனை பாரத்தையும் தாங்குவது உள்ளேயுள்ள மரச் சட்டமே. பெயர் எழுதி வைக்காத தச்சரும் கொத்தரும் செய்த வேலை அது.

நெய்த துணியை அருகிலிருந்த ஆர்லிங்டன் ஆலைக்கு எடுத்துச் செல்வர். அங்கே நீர்ச் சக்கரம் இயக்கும் மரச் சம்மட்டிகள் ஈரத் துணியை இடித்து இறுகச் செய்யும். பின்னர் வீடுகளுக்கு எதிரே, நீரால் சூழப்பட்ட ‘ராக் தீவு’ என்னும் புல்வெளியில் சட்டங்களை நட்டு, துணியைச் சுருங்காதபடி இழுத்துக் கட்டி உலர்த்துவர். அச்சட்டங்களே அவ்விடத்துக்குப் பெயராயின. அக்காலக் குளோஸ்டர்ஷயரில் கம்பளி பெரும்பாலும் வணிகருடையது. நெசவாளருக்குக் கிடைத்தது கூலி மட்டுமே. விசைத்தறிகள் வந்து, தொழில் யார்க்‌ஷயர் ஆலைகளுக்குப் பெயர்ந்தபோது, அந்தக் கூலியும் போயிற்று.

பைபரியை இங்கிலாந்தின் மிக அழகிய ஊர் எனப் புகழ்ந்தவர் வில்லியம் மாரிஸ் என்பர். 1896இல் மறைந்த அக்கவிஞர் தாமே தறியில் அமர்ந்து நெய்யக் கற்றவர். அவர் கண்ணுக்கு இவ்வீடுகள் வெறும் படமாகத் தோன்றியிருக்க முடியாது. ஹென்றி ஃபோர்டின் பார்வை வேறு. இவ்வரிசை முழுவதையும் விலைக்கு வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோக அவர் விரும்பினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, அண்மையிலுள்ள செட்வர்த் ஊரின் கல்வீடு ஒன்றைப் பிரித்துக் கப்பலேற்றி, மிச்சிகனில் தாம் அமைத்த அருங்காட்சியக ஊரில் அவர் மீண்டும் எழுப்பியது உண்மை. அங்கே அது இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் முன் கோல்ன் ஆறு ஓடவில்லை.

ஆர்லிங்டன் வரிசை இடம்பெயரவில்லை. ராயல் கலைக் கழகம் 1929இல் அதை வாங்கிப் பழுதுபார்த்தது. 1949இல் அது தேசிய அறக்கட்டளையிடம் வந்தது. இன்றும் அங்கே வாடகைக்குக் குடியிருப்போர் உண்டு. கோடையில் வந்து குவியும் பயணிகள் சிலர், காட்சிசாலை என்றே எண்ணிச் சாளரத்தில் முகம் பதித்து உள்ளே பார்க்கிறார்கள். 2017இல் இவ்வீடுகளுக்கருகே முதியவர் ஒருவர் நிறுத்தி வைத்திருந்த மஞ்சள் நிறக் காரை யாரோ சேதப்படுத்தினர். படமெடுப்பவர்களுக்கு அது இடைஞ்சல் என்று அதற்கு முன்பே முணுமுணுப்பு இருந்ததாம். தறியும் சிக்கும் நூலுமாய்ப் பிள்ளைகளோடு வாழ்ந்த அந்த நெசவாளர்கள் இன்று இருந்திருந்தால், அவர்களையும் படத்திலிருந்து விலகி நிற்கச் சொல்லியிருப்பார்களோ?

துணி உலர்ந்த புல்வெளியில் இப்போது நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன.