ஜெயகாந்தன் எழுதிய இரண்டு அம்மாக்கள்

படிப்பது பி.காம்., எழுதப்போவது இலக்கியம். பொம்மிடியிலிருந்து சேலம் போகும் ரயிலில் இரண்டு கதைகளைப் படித்தேன். அதன் விளைவுதான் இது. பொறுத்துக்கொள்ளுங்கள்!

ஜெயகாந்தன் 1934-ல் கடலூரில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சிறுவயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்களோடு வளர்ந்தார். பெற்ற வீட்டுக்கு வெளியிலும் உறவு உண்டு என்பது அவர் வாழ்ந்து தெரிந்துகொண்ட விஷயம்.

1966-ல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவி முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அவளுடைய அறியாமையைப் பயன்படுத்திக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொல்கிறாள். அம்மா முதலில் பதறி அடிக்கிறாள். ஆனால் அக்கம்பக்கத்தார் கேட்டதும், பெண் மழையில் நனைந்து வந்ததாகச் சொல்லி மறைத்துவிடுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள்.

கதை பெரிய சர்ச்சையானது. ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். சரி, அவள் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல்.

இதில் வரும் அம்மா வாய்விட்டு அலறுகிறாள். ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் கங்காவை வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமா படிக்க வைக்கிறார், ஆனால் அவருடைய பார்வையும் சரியில்லை. படித்து வேலைக்குப் போன பிறகும் அவள் தனிமரம்தான். கடைசியில் அவள் மனம்விட்டுப் பேச முடிந்த ஒரே ஆள், அன்று காரில் வந்த அதே பிரபு! அந்த நட்பும் நிலைக்கவில்லை.

இந்த நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் படமாகவும் வந்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது. 2002-க்கான ஞானபீட விருதும் பெற்ற ஜெயகாந்தன் 2015 ஏப்ரல் 8-ல் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். அதே மழை, அதே கார், அதே பெண். மாறியது அம்மாவின் சில நிமிடங்கள் மட்டுமே. இரண்டாவது அம்மாவுக்குப் பாசம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. பாசம் இருந்தது, அந்த நேரத்தில் அது உதவவில்லை. அன்பு என்பது மனதில் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, கதவு தட்டப்படும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் பக்கத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு பெண் லேட்டாக வந்தால், இன்றைக்கும் முதலில் வரும் கேள்வி "சாப்பிட்டியா?" இல்லை. "யாராவது பாத்தாங்களா?" என்பதுதான்.

உங்கள் வீட்டில் எப்படி?