திருநர் முன்னாள் படைவீரரும் மருத்துவப் பதிவும்: அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டு

நாட்டுக்காகப் போரிட்டவரின் உடல்நலத்தைப் பேணுவது அரசின் கடமை என்னும் கருத்து, அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின்னர் ஆழமாக வேரூன்றியது. ஓய்வூதியம், முதிய வீரர் இல்லம், மருத்துவமனை என அது படிப்படியாக நிறுவன வடிவம் பெற்றது. 1930இல் முன்னாள் படைவீரர் நிர்வாகம் உருவானது. 1989இல் அது அமைச்சரவைத் தகுதியுள்ள துறையாயிற்று. இக்கடமை எந்தப் பெயருக்கு, எந்த உடலுக்கு உரியது என்னும் வினா திருநர் வீரர்களைப் பொறுத்தவரை தொடர்ந்து எழுந்துள்ளது. அதற்கான விடையை மருத்துவரைக் காட்டிலும் பதிவேடே பெரும்பாலும் தீர்மானித்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஆல்பர்ட் கேஷியர்

ஆல்பர்ட் கேஷியர் 1862இல் இல்லினாய் 95ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, விக்ஸ்பர்க் முற்றுகை உள்ளிட்ட போர்களில் பங்கேற்றவர். அயர்லாந்தில் பிறந்தபோது அவருக்கு இடப்பட்டது பெண்பெயர். போர் முடிந்த பின்னரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் ஆணாகவே வாழ்ந்தார். கூலிவேலை செய்தார், வாக்களித்தார், ஓய்வூதியம் பெற்றார். பின்னர் ஒரு மோட்டார் வண்டி மோதி அவரது கால் முறிந்தது. சிகிச்சையளித்த மருத்துவர் உண்மையை அறிந்தார்; ஆயினும் வெளியிடவில்லை. 1911இல் குவின்சி நகரிலிருந்த வீரர் இல்லத்தில் கேஷியர் சேர்க்கப்பட்டார். அங்கும் அறிந்தவர் சிலர் மறைவைக் காத்தனர்.

1914இல் அவரது மனநிலை தளர்ந்ததைக் காரணங்காட்டி வாட்டர்டவுன் மனநல மருத்துவமனைக்கு மாற்றினர். செய்தி இதழ்களுக்கு எட்டியது. மருத்துவமனையில் அவருக்குப் பாவாடை கட்டாயமாக்கப்பட்டது. பழக்கமில்லாத அவ்வுடை தடுக்கி விழுந்ததில் இடுப்பு முறிந்து அவர் படுக்கையில் வீழ்ந்தார் எனச் சொல்லப்படுகிறது. இதே காலத்தில் ஓய்வூதியப் பிரிவு, இவர் ஆள்மாறாட்டம் செய்து பணம் பெற்றவரோ என விசாரணை நடத்தியது. உடன் போரிட்ட முதியவர்கள் வந்து சான்று கூறினர். போரிட்ட கேஷியர் இவரே என 1915இல் முடிவாயிற்று, ஓய்வூதியம் நிலைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் இறந்த அவர் படைச் சீருடையில், படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

கேஷியரை இன்றைய பொருளில் திருநம்பி என அழைக்கலாமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆண்பாற் சுட்டா, பெண்பாற் சுட்டா என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தமிழின் ‘அவர்’ அந்த இடரைத் தவிர்த்துவிடுகிறது. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. ஓய்வூதியப் பிரிவு அவரது அடையாளத்தைத் தோழர்களின் நினைவைக் கொண்டு உறுதிசெய்தது. மருத்துவமனையோ உடலைக் கொண்டு மறுத்தது. இரு அரசு நிறுவனங்கள் ஒரே முதியவரை இருவேறு ஆள்களாக நடத்தின.

நோய்ப்பெயரின் இரு பயன்கள்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் படையில் எழுத்தராகப் பணியாற்றிய கிறிஸ்டின் ஜோர்கன்சன், தமக்கு வேண்டிய மருத்துவத்தைத் தேடி 1950இல் டென்மார்க் சென்றார். 1952 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்று அவரது மாற்றத்தை முதற்பக்கச் செய்தியாக்கியது. முன்னாள் படைவீரர் என்பதே அச்செய்தியின் ஈர்ப்பாக அமைந்தது. புகழ் பெருகியதேயன்றி, அவரைப் போன்ற பிற வீரர்களுக்கு உள்நாட்டில் மருத்துவ வழி திறக்கவில்லை.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இந்நிலை தனி நோய்ப்பெயர் பெற்றது. 1994 பதிப்பில் அது ‘பாலின அடையாளக் கோளாறு’ எனவும், 2013 பதிப்பில் ‘பாலின ஒவ்வாமை’ எனும் பொருளிலும் திருத்தப்பட்டது. பணியிலிருந்த வீரருக்கு இந்நோய்ப்பெயர் வேலையைப் பறிக்கும் சான்று. ஓய்வுபெற்றவருக்கு அதுவே மருத்துவத்தின் திறவுகோல். படை மருத்துவரிடம் மனந்திறப்பது மேலதிகாரியின் காதுக்கு எட்டக்கூடும் என்பதால் பணிக்காலத்தில் பலர் வாய்திறக்கவில்லை. படையில் பணியாற்றிய உளமருத்துவர் ஜார்ஜ் பிரவுன் 1988இல் வெளியிட்ட ஆய்வு, தம் உள்ளுணர்வை அடக்கும் முயற்சியாகவே சிலர் ஆண்மையின் உச்சமெனக் கருதப்பட்ட படைப்பணியை நாடினர் என வாதிட்டது. ஓய்வுக்குப் பின்னரும் சிக்கல் நீங்கவில்லை. பணிவிடுப்புச் சான்றில் பழைய பெயரே இருக்கும். மருத்துவமனை வாயிலில் அதை நீட்டும் கணமே அவர் தம்மை வெளிப்படுத்தியவராகிறார்.

1999 விதியும் 2011 ஆணையும்

1999இல் துறை தன் மருத்துவப் பயன்களை வரையறுத்தபோது, வழங்கப்படாதவற்றின் பட்டியலில் ‘பாலின மாற்றங்கள்’ எனும் பொருள்படும் இரு சொற்கள் இடம்பெற்றன. இவற்றின் எல்லை விளக்கப்படவில்லை. அறுவை மட்டுமே விலக்கு எனச் சில மருத்துவமனைகள் கொண்டன. ஹார்மோன் மருந்தும் விலக்கே எனச் சில கருதின. எனவே ஒருவருக்குக் கிடைக்கும் மருத்துவம் அவர் குடியிருக்கும் ஊரைப் பொறுத்து மாறியது. 2003இல் தோன்றிய அமெரிக்கத் திருநர் முன்னாள் படைவீரர் சங்கம் இக்குறைகளைத் திரட்டிப் பேசத் தொடங்கியது. 2008இல் அது நடத்திய கணக்கெடுப்பில் 827 பேர் விடையளித்தனர். சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான மோனிகா ஹெல்ம்ஸ் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றியவர். உலகெங்கும் பறக்கும் திருநர் கொடியை 1999இல் வடிவமைத்தவரும் அவரே.

2011 ஜூனில் வெளியான ஆணை இந்தக் குழப்பத்தைப் பெருமளவு நீக்கியது. ஹார்மோன் சிகிச்சை, மனநல உதவி, அறுவைக்கு முந்தைய மதிப்பீடு, அறுவைக்குப் பிந்தைய நீண்டகாலப் பராமரிப்பு ஆகியவை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்கவேண்டும் என்றது. அறுவை மட்டும் விலக்காகவே நீடித்தது. இதன் விளைவு விந்தையானது. வீரர் தம் சேமிப்பைச் செலவிட்டு வெளியில் அறுவை செய்துகொள்ளவேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மதிப்பீட்டையும் பிந்தைய புண் பராமரிப்பையும் துறையே ஏற்றது. கருப்பை நீக்கம், மார்பக நீக்கம் போன்ற அறுவைகளைப் பிற நோய்களுக்காகத் துறை மருத்துவமனைகள் செய்தே வருகின்றன. எனவே விலக்கப்பட்டது அறுவையன்று, அறுவைக்கான காரணமே. விதியைத் திருத்தக் கோரி 2016இல் தரப்பட்ட மனுவும் இவ்வேறுபாட்டையே சுட்டியது. மனு அவ்வாண்டே மறுக்கப்பட்டது. 2021இல் துறைச் செயலர் டெனிஸ் மெக்டொனோ விதி மாற்றத்தைத் தொடங்குவதாக அறிவித்தும், 2024இல் மனுவுக்கு மீண்டும் மறுப்பே கிடைத்தது. அறிவிப்புக்கும் மறுப்புக்கும் இடையே கழிந்த ஆண்டுகளில் முதுமையெய்திய மனுதாரரின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இந்த இழப்பை மறைமுகமாகவேனும் உணர்த்துவது 2013இல் ஜான் பிளாஸ்னிச்சும் பிறரும் வெளியிட்ட ஆய்வு. துறையின் மருத்துவப் பதிவுகளில் ஒரு லட்சம் பேருக்கு 22.9 பேர் பாலின அடையாளக் கோளாறு எனக் குறிக்கப்பட்டிருந்தனர். அவர்களிடையே தற்கொலை சார்ந்த நிகழ்வுகளின் விகிதம் துறையின் பொது நோயாளரைவிட 20 மடங்குக்கும் மேல். இவ்வெண்ணைக் கையாள்வோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். இது நோய்க்குறியீடு பெற்றவர்களை மட்டுமே எண்ணியது. மருத்துவரிடம் சொல்லத் துணியாதவர் இதில் இல்லை. திருநர் முன்னாள் படைவீரர் ஏறத்தாழ 1,34,300 பேர் என வில்லியம்ஸ் நிறுவனம் 2014இல் மதிப்பிட்டதுடன் ஒப்பிட்டால், குறியீட்டுக்கு வெளியே இருந்தோர் எத்தனை பேர் என்பது விளங்கும்.

பாலினக் குறிப்பு வெறும் மரியாதைச் சிக்கலுமன்று. பதிவேட்டில் ஆண் எனத் திருத்தப்பட்ட ஒருவருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கான கணினி நினைவூட்டல் வராமற்போகலாம். பெண் எனத் திருத்தப்பட்டவரின் புராஸ்டேட் சுரப்பி மறக்கப்படலாம். பிறப்புப் பாலினத்தையும் பாலின அடையாளத்தையும் தனித்தனியே பதியும் முறை இதற்காகவே வேண்டப்பட்டது. பாலின அடையாளத்தைப் பதிவேட்டில் காட்டும் வசதி 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

2025

திருநர் படைப்பணியாற்ற 2016இல் கிடைத்த அனுமதி 2019இல் கட்டுப்படுத்தப்பட்டு, 2021இல் மீண்டு, 2025 ஜனவரி ஆணையால் மறுபடியும் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் முன்னாள் படைவீரர் துறையும் 2011 ஆணையின் வழிவந்த 2018 ஆணையை நீக்கியது. மிச்சமாகும் பணம் உடல் செயலிழந்த வீரர்களுக்கும் உறுப்பிழந்தோருக்கும் செலவிடப்படும் என்றது. அதே அறிவிப்பில், பதிவுசெய்த 91 லட்சம் பேருள் திருநர் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவே எனத் துறை தானே மதிப்பிட்டது. இவ்வளவு சிறு தொகையினரிடமிருந்து எவ்வளவு மிஞ்சும் என்பதை அது கூறவில்லை.

துறையிடமிருந்து ஏற்கெனவே ஹார்மோன் பெற்றுவந்தவர்க்கும், படையில் அதைப் பெற்று வெளியேறுவோர்க்கும் சிகிச்சை தொடரும். மற்றவர்க்குப் புதிதாகத் தொடங்காது. ஆகவே ஒரே படைப்பிரிவில், ஒரே போர்முனையில் பணியாற்றிய இருவருள், பணிக்காலத்தில் துணிந்து மருத்துவரிடம் சொன்னவர் மருந்து பெறுகிறார். வேலை போய்விடும் என அஞ்சி மௌனம் காத்து, ஓய்வுக்குப் பின் சொல்லலாம் எனக் காத்திருந்தவரின் பதிவேட்டில் அதற்குரிய வரி இல்லை. அவர் அஞ்சியது படையின் விதிக்கு. அவ்விதியை இயற்றியதும் அதே அரசுதான்.