உங்க வைஃபைல யார் இருக்கா?

போன மாசம் ஒரு ராத்திரி நெட் ரொம்ப இழுத்துக்கிட்டு இருந்தது. ஆபீஸ் கால் நடுவுல என் குரல் விட்டு விட்டுக் கேக்குதுன்னு டீம்ல எல்லாரும் புலம்ப, கடுப்புல ரூட்டர் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். வீட்டில் அப்பா, அம்மா, நான் என மூணே பேர். போன், லேப்டாப், டிவி எல்லாம் சேர்த்தால் ஆறு. லிஸ்டில் இருந்தது ஏழு.

இன்ஜினியரிங் படிச்சு, சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுறவன் நான். ஆனா எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அப்பாவோட மொபைல் நம்பர். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் போட்டுட்டுப் போனது. மாத்தணும்னு எனக்குத் தோணவே இல்லை.

"யாரோ ஒருத்தர் ஓசியில யூஸ் பண்ணா என்ன குறைஞ்சிடப் போகுது? டேட்டா அன்லிமிடெட்தானே?" என்று நீங்க கேட்கலாம். அதற்கான பதில் 2008ஆம் வருஷத்தில் இருக்கிறது.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. 56 பேர் இறந்தார்கள். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, பொறுப்பேற்று ஒரு மெயில் ஊடகங்களுக்கு வந்தது. அந்த மெயிலின் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். அவருடைய கம்ப்யூட்டர்களை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள், அவரை விசாரித்தார்கள். நாடு முழுக்கச் செய்தியில் அவர் பெயர் அடிபட்டது. கடைசியில் தெரிந்தது, மெயிலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய வைஃபை பூட்டாமல் கிடந்தது. யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஐபி முகவரிங்கிறது வீட்டு விலாசம் மாதிரி. எந்த வீட்டில் இருந்து கடிதம் போனது என்று சொல்லும். எழுதினது யார் என்று சொல்லாது.

அதோடு முடியவில்லை. ஆகஸ்டில் வந்த மெயில் மும்பையில் ஒரு கல்லூரியின் நெட்வொர்க்கில் இருந்து. செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்தது, அதே மும்பையில் ஒரு தனியார் கம்பெனியின் வைஃபையில் இருந்து. அக்டோபரில் மும்பை போலீஸ் கைது செய்தவர்களில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரும் இருந்தார். மெயில் அனுப்பியதில் பங்கு உண்டு என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. நம்ம ஆளுங்கதான், என்ன சொல்றது.

2009 தொடக்கத்தில் மும்பை போலீஸே லேப்டாப்போடு தெருவில் இறங்கித் திறந்த வைஃபைகளைத் தேடியது. அந்த பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக இயக்குவது பற்றி இன்டர்நெட் கம்பெனிகளுக்கு வழிமுறைகள் அனுப்பியது.

ஏன் இவ்வளவு பேர் பூட்டாமல் வைத்திருந்தார்கள்? அந்தக் காலத்து ரூட்டர்கள் பலதும் பாஸ்வேர்டு இல்லாமலேதான் பெட்டியில் இருந்து வந்தன. ப்ளக்கைச் சொருகினால் ஓடும், அவ்வளவுதான். சரி, பூட்டியவர்களாவது தப்பித்தார்களா? அங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் 1997ல் வந்தது. அதோடு வந்த பூட்டின் பெயர் வெப். கேபிளில் போகும் அளவுக்குப் பாதுகாப்பு தருவோம் என்பது அதன் வாக்குறுதி. அதன் ரகசியச் சாவி வெறும் 40 பிட். வலுவான என்கிரிப்ஷனை வெளிநாட்டுக்கு விற்க அமெரிக்கா அப்போது கட்டுப்பாடு வைத்திருந்தது அதற்கு ஒரு காரணம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சாவி மாற வேண்டும் என்பதற்காக, அந்தச் சாவியோடு 24 பிட் எண் ஒன்றைச் சேர்த்தார்கள். 24 பிட்டில் மொத்தம் 1.67 கோடி எண்கள்தான். பிஸியான நெட்வொர்க்கில் சில மணி நேரத்திலேயே எண்கள் திரும்ப வர ஆரம்பித்துவிடும். போதாததற்கு, அந்த எண்ணை மறைக்காமல் பாக்கெட்டின் தலையிலேயே எழுதி அனுப்பினார்கள்.

2001ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஷமீர் யாருன்னா, ஆர்எஸ்ஏ என்கிரிப்ஷன்ல நடுவுல வர்ற அந்த 'எஸ்'. சில குறிப்பிட்ட எண்கள் வரும்போது சாவியின் துண்டுகளே வெளியே கசிகின்றன என்று காட்டினார்கள். போதுமான பாக்கெட்டுகளைச் சும்மா உட்கார்ந்து கேட்டாலே சாவி கைக்கு வந்துவிடும். 2007ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தினர் இந்த வேலையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினார்கள். அதே வருஷம் அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் கடைக் குழுமம், குறைந்தது 4.57 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனதை ஒப்புக்கொண்டது. திருடர்கள் நுழைந்த வழி, ஒரு கடையில் வெப் பூட்டுப் போட்டிருந்த வைஃபை.

அவசரத்துக்கு 2003ல் டபிள்யூபிஏ வந்தது. 2004ல் வந்த டபிள்யூபிஏ2தான் ஏஇஎஸ் என்ற உறுதியான முறையைக் கொண்டுவந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், 2007ல் டபிள்யூபிஎஸ் என்று ஒரு 'வசதி' வந்தது. நீளமான பாஸ்வேர்டு எதற்கு, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் 8 இலக்க எண்ணை அடித்தால் போதும். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு என்றுதானே நினைப்போம்? 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். ரூட்டர் முதல் 4 இலக்கம் சரியா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. அது 10,000 வாய்ப்பு. மீதி நாலில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண், அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மிச்சம் 1,000. ஆக மொத்தம் 11,000 முயற்சிதான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? பெட்டியில் இருந்து எடுத்ததும் ஓட வேண்டும், எண்ணை அடித்தால் சேர வேண்டும் என்று நம்ம சிரமத்தைக் குறைக்கப் போட்ட குறுக்கு வழியில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது. என் வீட்டிலும் அதே கதை. டபிள்யூபிஏ2ல் ஒரு போன் வைஃபையில் சேரும்போது நடக்கும் பேச்சை ஒருவர் பதிவு செய்துவிட்டால் போதும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9ல் தொடங்குகின்றன. ஆக 400 கோடி வாய்ப்புகள். ஒரு நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் 10 லட்சம் ஊகங்கள் சோதிக்கும். அப்பாவோட நம்பர் தாங்குவது 67 நிமிடம்.

2018ல் வந்த டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைக்கிறது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும்.

அன்னைக்கு ராத்திரியே பாஸ்வேர்டை மாத்தினேன். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோர்த்து நீளமாக. டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தேன். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் மாற்றி, ஃபர்ம்வேரை அப்டேட் செய்தேன். டபிள்யூபிஏ2லேயே 2017ல் கிராக் என்ற ஓட்டை கண்டுபிடித்தார்கள், அதற்கு மருந்து அப்டேட்தான். பெரிய சாதனை செய்த மாதிரி தூங்கப் போனேன்.

மறுநாள் காலை காலிங் பெல். எதிர் வீட்டு ஆன்ட்டி. "தம்பி, நெட் போயிடுச்சா? பையனுக்கு ஆன்லைன்ல டெஸ்ட் இருக்கு." உள்ளே இருந்து அம்மா, "நான்தான்டா குடுத்தேன். பிளஸ் டூ படிக்கிற புள்ள, அவங்க வீட்டு நெட் பத்து நாளா ரிப்பேர்" என்றார்.

பத்து நிமிஷத்துல ஒரு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுத்தேன். தனி பாஸ்வேர்டு, எங்க வீட்டு லேப்டாப்பையோ டிவியையோ அதில் இருந்து தொட முடியாது. ஆனால் ஒன்று, கெஸ்ட்டில் போனாலும் வெளியே தெரிவது எங்க வீட்டு விலாசம்தான். அந்தப் பையனை எனக்கு அஞ்சு வயசில் இருந்து தெரியும், அதனால் கொடுத்தேன். நவி மும்பைக்காரருக்கு அந்த வாய்ப்பே இல்லை, தன் வாசலில் யார் நின்றார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

எபிசோடு முடிஞ்சதும் உங்க ரூட்டர் லிஸ்டை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கணக்கு உதைச்சா, முதல்ல அம்மாகிட்ட கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.