வானொலிப் பாதிரியார்

1930-களின் தொடக்கம். அமெரிக்க நகரொன்றின் தெரு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வீடுதோறும் வானொலிப் பெட்டி. பெட்டிதோறும் ஒரே குரல். தெருவோடு நடந்து செல்பவன், ஒரு வீட்டு வாயிலிலே கேட்ட பேச்சின் தொடர்ச்சியை அடுத்த வீட்டு வாயிலிலே கேட்டுக்கொண்டே போகலாம் என்று அந்நாளைய மக்கள் பின்னர் நினைவுகூர்ந்தனர்.

குடியரசுத் தலைவரின் குரலோ? அல்ல. கலைஞனின் குரலோ? அதுவுமல்ல. டெட்ராய்ட் நகரை அடுத்த ராயல் ஓக் என்னும் ஊரின் கத்தோலிக்கப் பாதிரியார் சார்லஸ் காக்லினின் குரல்!

கனடா நாட்டிலே, ஹாமில்டன் நகரில், 1891-இல் பிறந்தவர் அவர். 1926-இல் ராயல் ஓக் கோயிலின் பொறுப்பேற்றார். கத்தோலிக்கரை வெறுத்த கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார், தம் கோயில் முற்றத்திலே சிலுவையைக் கொளுத்தி அச்சுறுத்தினர் என்று அவரே கூறிவந்தார். அவ்வாண்டு அக்டோபரில் உள்ளூர் வானொலி நிலையத்திலே பேசத் தொடங்கினார். சமயப் பேச்சு, சிறுவர்க்கான அறிவுரை, அவ்வளவுதான்.

1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் அடைபட்டன. 1933-இல் உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. பாதிரியாரின் பேச்சிலே பரலோகம் பின்னுக்குச் சென்றது. பட்டினி முன்னுக்கு வந்தது. வங்கி முதலாளிகளைச் சாடினார். தொழிலாளிக்கு நியாயமான கூலி கேட்டார். ஏழையின் வயிற்றிலே எழுந்த கேள்வியை எடுத்துரைத்தார். அந்தக் கேள்வி நேர்மையானது, மறுப்பார் யார்?

கேட்போர் மூன்று கோடி என்றுகூடக் கணித்தனர். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றைப் பிரிக்கவே நூறு பேருக்குமேல் பணியாற்றினர். பல உறைகளுக்குள்ளே டாலர் நோட்டு — இல்லாதவன் ஈந்த நோட்டு! 1931-இல் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனம் அவரைக் கைவிட்டபோது, அந்தப் பணத்தைக்கொண்டே தமக்கென நிலையங்களின் வரிசையை அமைத்துக்கொண்டார்.

நாட்டின் நோய்க்கு அவர் சொன்ன மருந்துகளிலே ஒன்று, வெள்ளியை மீண்டும் நாணயச் செலாவணிக்கு ஆதாரமாக்குவது. 1934-இல் அரசின் கருவூலத்தார், வெள்ளியை வாங்கி வைத்திருப்போர் பட்டியலை வெளியிட்டனர். பாதிரியாரின் வானொலிக் கழகத்தின் பெயரால் அவருடைய செயலாளர் வாங்கியிருந்த வெள்ளி 5 லட்சம் அவுன்ஸ்! மருந்தைப் புகழ்ந்தவர் ஒருவர், மருந்துக்கடையும் அவருடையதே!

1932-இல் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தவர், பின்னர்ப் பகையானார். 1936-இல் மூன்றாவது கட்சி ஒன்றை உருவாக்கி, வில்லியம் லெம்கியை நிறுத்தினார். 90 லட்சம் வாக்குகள் பெற்றுத் தராவிடில் வானொலியை விட்டே விலகுவேன் என்று சூளுரைத்தார். கிடைத்தவை 9 லட்சத்துக்கும் குறைவு. விலகினார் — சில வாரங்களுக்கு மட்டும்!

திரும்பி வந்த குரலிலே நஞ்சு மிகுந்திருந்தது. உலகையே ஆட்டிப்படைக்க யூதர்கள் சதி செய்வதாகக் கூறும் ஓர் ஏடு உண்டு. அது போலி என்று லண்டன் 'டைம்ஸ்' இதழ் 1921-லேயே மெய்ப்பித்துவிட்டது. 1938-இல் காக்லின் அதனைத் தம் இதழிலே தொடராக வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில், ஜெர்மனியிலே யூதர்தம் கோயில்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன, உயிர்கள் மாய்ந்தன. உலகம் பதைத்தது. பாதிரியாரோ, பொதுவுடைமைக்கு எதிரான தற்காப்பே நாஜிசம் என்று வானொலியிலே விளக்கம் தந்தார்! நியூயார்க் நிலையமொன்று அவருக்குக் கதவடைத்தது. அவர்வழி நின்ற கூட்டத்தாரோ அந்நகரத் தெருக்களிலே யூதரைத் தாக்கினர்.

கிளான் மூட்டிய தீயின் வெம்மையை உணர்ந்ததாகச் சொன்னவர், பிறிதோர் இனத்தின் வீட்டிலே பற்றிய தீக்கு நியாயம் கற்பித்தார்! பட்டினி ஏன் என்று கேட்டவனுக்கு, பக்கத்து வீட்டானைப் பார் என்று சுட்டிக்காட்டினார். அதனால் அடுப்பு எரிந்ததா? ஆலை திறந்ததா?

1939-இல் ஒலிபரப்பாளர் சங்கம் வகுத்த விதிகள் அவரை நெருக்கின. 1940-இல் குரல் ஓய்ந்தது. 1942-இல் அரசு அவருடைய இதழுக்கு அஞ்சல் உரிமையை மறுத்தது; பேராயர், வாய்மூடுக என ஆணையிட்டார். பணிந்தார். 1966 வரை அதே கோயிலிலே பணியாற்றி, 1979-இல் மறைந்தார்.

கேட்டவர்களிலே பலர் விலகியது உண்மை. எனினும், இறுதியில் அவரை அடக்கியது ஆணை; கேட்டவர்தம் கேள்வியன்று. வானொலிக்கு வாய் உண்டு, செவி இல்லை. ஆகவே, கேட்பவனுக்குச் செவி மட்டும் போதாது. ஆணையால் அடங்கிய பொய் வேறொரு வாயிலே மீண்டும் பிறக்கும். எந்தப் பசியை எடுத்துச் சொல்லி எந்தப் பகையை விற்கிறான் என்று கேட்கத் தெரிந்த மக்களிடமே அது மடியும்!