சோத்துக்குத் துணை!

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

இடம், கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, நம்ம தேனி மாவட்டத்துக் கூடலூர். குமுளி மலை ஏறுவதற்கு முன்னால், கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் ஊர். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது. 'பெரியவரே, சோத்தைக் குறைங்க' என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுதான் கோபம்!

"மாப்ள, எங்கய்யா காலத்துல நெல்லுச் சோறுன்னா தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். மத்த நாளெல்லாம் சோளச்சோறு, கம்பங்கூழு. இன்னிக்கு மூணு வேளையும் சோறு திங்கிறேன். அதை விடச் சொன்னா என்ன அர்த்தம்? மறுபடியும் ஏழையாப் போகச் சொல்றாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பாருங்கள்... 'டயட்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், தட்டில் இருக்கும் சோற்றுக்குப் பின்னால் ஒரு பரம்பரையின் பசி உட்கார்ந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் 'அரிசியை விடுங்க' என்றால், யார் கேட்பார்கள்?

புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1876-78. தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் செத்து விழுந்தார்கள். நிவாரண வேலை என்று மண் வெட்டவும் கல் உடைக்கவும் ஜனங்களைக் கூப்பிட்டது பிரிட்டிஷ் அரசு. கூலி எவ்வளவு கொடுப்பது? வைஸ்ராயின் அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், 1877-ல் ஒரு கணக்குப் போட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம். அதாவது சுமார் 450 கிராம். மேற்கொண்டு, உப்பு புளிக்குச் சில்லறை. அவ்வளவுதான்!

'இது அநியாயம்' என்று எதிர்த்து எழுதினார் ஒரு டாக்டர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ். நாளெல்லாம் வேலை செய்கிறவனுக்கு இந்த அளவு போதாது என்பது அவருடைய முதல் வாதம். இரண்டாவது வாதம்தான் நமக்கு முக்கியம். வெறும் தானியம் மட்டும் உணவாகிவிடாது, பருப்பும் காய்கறியும் கூடவே வேண்டும் என்றார் அவர். சண்டை நடந்தது. சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன.

'தானியத்துக்குத் துணை வேண்டும்.' இந்த வாக்கியத்தை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரப்போகிறது.

பஞ்சத்துக்குப் பிறகுதான், பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1882-ல் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுக்கிடம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம். காய்ச்சல், காட்டு விலங்கு, வெள்ளம் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இந்தப் பக்கம் வந்தது. இன்றைக்கும் கூடலூரை ஒட்டிய லோயர்கேம்ப்பில் பென்னிகுக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஜனங்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். சும்மாவா?

லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை, 14,707 ஏக்கர் இருபோக நெல் சாகுபடி நிலம் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் கணக்கு. மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பூமி, வாய்க்காலைப் பார்க்க ஆரம்பித்தது.

'சரி, 1895-லேயே தண்ணீர் வந்துவிட்டதே. மாமாவின் அப்பா ஏன் சோளச்சோறு தின்றார்?'

நல்ல கேள்வி! நான் பி.காம். படித்தவன். எனக்கு இது கணக்குப் பாடமாகத்தான் தெரிகிறது. வயலில் நெல் விளைந்தால் வீட்டில் நெல்லுச் சோறு என்று அர்த்தமில்லை. நெல் என்பது காசு. வரி கட்ட, கடன் அடைக்க, கல்யாணம் செய்ய, நெல்லை விற்றார்கள். வயிற்றுக்கு மேட்டு நிலத்துச் சோளமும் கம்பும் கேழ்வரகும். வாய்க்கால் பாயாத நிலம் வைத்திருந்தவர்களுக்கும், நிலமே இல்லாத கூலிக்காரர்களுக்கும் கேட்கவே வேண்டாம். அரிசி என்பது வரவுப் பக்கம். சோளம் என்பது செலவுப் பக்கம்!

அரிசி, வயலிலிருந்து எல்லோருடைய தட்டுக்கும் வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. 1960-களில் கடும் உணவுத் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கம் ஓர் ஆட்சியையே மாற்றியது. 2008-ல் ரேஷனில் கிலோ அரிசி ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையே கிடையாது. இதைக் கேலி பேசுகிறவர்கள், தாது வருஷத்து ஒரு பவுண்டை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டினியை விரட்டிய அரிசி இது.

ஆனால், இதற்கு நடுவில் சத்தமில்லாமல் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன.

ஒன்று, உரலும் உலக்கையும் போய் மில் வந்தது. கைக்குத்தலில் ஓரளவு தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும். மில்லில் தீட்டத் தீட்ட, அரிசி மல்லிகைப்பூ மாதிரி வெளுத்தது. தவிட்டோடு சத்தும் போனது. இதன் விபரீதத்தை முதலில் காட்டிக்கொடுத்தவை கோழிகள்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டாக்டரின் ஆராய்ச்சிக் கோழிகள் திடீரென்று கால் விளங்காமல் விழுந்தன. கொஞ்ச நாளில் தானாகவே எழுந்தும் விட்டன. என்ன மாயம் என்று பார்த்தால், விழுந்த நாட்களில் அவை தின்றது ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையின் தீட்டிய வெள்ளைச் சோறு. புதிதாக வந்த சமையல்காரர், 'ராணுவத்துச் சோறு கோழிக்கு எதுக்கு?' என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்துக்கொண்டன. பெரிபெரி நோய்க்கும் தவிட்டில் இருக்கும் பி-1 வைட்டமினுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது இப்படித்தான். 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு!

இதில் தமிழர்களுக்கு ஒரு சந்தோஷ சமாசாரம் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கே, பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில்தான் பெரிபெரி அதிகம். புழுங்கலரிசி தின்ற தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி-1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பெயர் தெரியாத நம் பாட்டிகளின் புண்ணியம்!

இரண்டாவது விஷயம், துணை போனது. இதைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் மெக்கரிசன். நம்ம குன்னூரில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவர். 1920-களில் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்களின் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸி. கடைசியில் எடை போட்டால்... கொழுகொழுவென்று முதலிடம் சீக்கியச் சாப்பாட்டு எலிகளுக்கு. கடைசி இடம்? சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. நம்ம மதராஸ் எலிகளுக்கு!

'பார்த்தீங்களா, கோதுமைதான் ஒசத்தி' என்று சப்பாத்திக்கு ஓடாதீர்கள். சீக்கியர் சாப்பாட்டில் முழுக் கோதுமையோடு பாலும் வெண்ணெயும் பருப்பும் காயும் பழமும் இருந்தன. மதராஸ் சாப்பாட்டில் தீட்டிக் கழுவிய சோறு மலையாக இருந்தது. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள மட்டும்தான். கார்னிஷ் சொன்ன அதே வாக்கியம். தானியத்துக்குத் துணை வேண்டும்!

மாமா வீட்டுப் பழைய சாப்பாட்டை இப்போது திரும்பிப் பாருங்கள். சோளச்சோறு லேசில் தொண்டையில் இறங்காது. மொச்சைக் குழம்போ, கீரைக் கடைசலோ, கெட்டி மோரோ கூட இருந்தாக வேண்டும். வெள்ளைச் சோறு அப்படியில்லை. ஒரு கரண்டி ரசமும் ஒரு துண்டு ஊறுகாயும் போதும், நாலு தட்டு சத்தமில்லாமல் இறங்கிவிடும். அன்றைக்குத் தின்றவர் நாள் முழுக்க ஏர் பிடித்தார், அண்டை வெட்டினார். இன்றைக்குத் தின்றுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்கிறோம். வரவு அதே வரவு, செலவு மட்டும் இல்லை. மிச்சம் எங்கே போகும்? ரத்தத்திலும் இடுப்பிலும்தான்!

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். வாசலில் காத்திருப்பவர்கள் இன்னும் 13.6 கோடி.

மெக்கரிசனின் குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2024-ல் அவர்கள் ஓர் உணவு வழிகாட்டி வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு நமக்குக் கிடைக்கும் சக்தியில், தானியத்தின் பங்கு 45 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது அது. நம் வீடுகளில் அது 50 முதல் 70 வரை போகிறது. கணக்காகச் சொன்னால், நூறு ரூபாய் சம்பளத்தில் அரிசிக்கடைக்கு மட்டும் எழுபது ரூபாய் கொடுத்தால், குடும்பம் நடக்குமா?

'அப்போ, கம்புக்கும் சோளத்துக்கும் மாறிடலாமா?' மாறலாம். 2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அதே ஆண்டு, தமிழக அரசும் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். ஆனால், உஷார்! சிறுதானியத்தையும் பளபளவென்று தீட்டித்தான் பல பாக்கெட்டுகளில் விற்கிறார்கள். மாவாக்கித் தண்ணியாய்க் கரைத்துக் குடிக்கும் கேழ்வரகுக் கஞ்சி, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். தானியத்தை மாற்றிவிட்டுத் துணையை மறந்தால், பழைய குருடி கதவைத் திறடிதான்.

மறுநாள் மதியம். மாமா இலை முன்னால் உட்கார்ந்தார். நான் அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "சோத்தை நிறுத்த வேணாம் அத்தை. மொதல்ல பொரியல், கீரை, மொச்சைக் குழம்புல இருக்கற மொச்சை... இதெல்லாம் வைங்க. சோறு கடைசியா வரட்டும்."

அத்தை அப்படியே வைத்தார். முருங்கைக்கீரை ஒரு கை நிறைய. அவரைக்காய்ப் பொரியல் இன்னொரு கை. மொச்சை தாராளமாக. மாமா முறைத்தபடியே சாப்பிட்டார். அப்புறம் சோறு வந்தது. வழக்கமாக மூன்று தடவை வாங்குகிறவர், இரண்டாவது தடவையிலேயே கையைக் காட்டிவிட்டார்.

"போதும்மா. வயிறு ரொம்பிருச்சு."

யாரும் எதையும் விடச் சொல்லவில்லை. யாரும் ஏழையாகவில்லை.

நீங்களும் நாளைக்கு இப்படி ஆரம்பிக்கலாம். புது அரிசி வேண்டாம், புதுப் பாத்திரம் வேண்டாம். ஒரே ஒரு வேளை, இலையில் முதலில் விழுவது எது என்பதை மட்டும் மாற்றுங்கள். அடுத்த வாரம் சோற்றில் ஒரு கரண்டி குறையும், காயில் ஒரு கரண்டி கூடும். கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால், ஜூஸ் போடாமல் கடித்துத் தின்னுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் மட்டும், மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சோறு குறையும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம்.

கிளம்பும்போது மாமா வாசல் வரை வந்தார். தூரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள... பொங்கலுக்கு வர்றப்ப மட்டும் எனக்குக் கணக்குப் பாக்கக் கூடாது, ஆமா!"

பார்க்க மாட்டேன் மாமா. அந்தச் சோறு, நம் தாத்தாக்கள் பாக்கி வைத்துவிட்டுப் போனது!