காசு ஏறாத 'ஸ்மார்ட்' கார்டு: ஏமாறாமல் பயன்படுத்துவது எப்படி?

அய்யம்பாளையம்: திண்டுக்கல் மாவட்டம் அய்யம்பாளையத்தில் தேங்காய் உரிக்கும் தொழிலாளி முதல் மருதாநதி பாசன விவசாயி வரை எல்லோர் வீட்டிலும் இருப்பது ஸ்மார்ட் ரேஷன் கார்டு. இத்துடன் செல்போனில் பணம் அனுப்பும் வசதியும் சேர்ந்து விட்டதால், எது எதற்கு என்ற குழப்பம் பலருக்கு உண்டு.

உள்தாள் போய் கார்டு வந்தது

2005ல் தந்த ரேஷன் புத்தகத்தில் வருஷா வருஷம் உள்தாள் ஒட்டித்தான் காலம் ஓடியது. 2017 ஏப்ரலில் இருந்து பிளாஸ்டிக் கார்டு வழங்கப்பட்டது. பெயர் 'ஸ்மார்ட்' என்றாலும் இதில் பணம் ஏற்ற முடியாது. உள்ள கியூ.ஆர். கோடை கடைக்காரர் மெஷினில் காட்டினால் குடும்ப விவரம் வரும், அவ்வளவுதான்.

கார்டில் பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்றிருந்தால் அரிசி உண்டு. என்.பி.எச்.எச்.-எஸ் என்றால் அரிசி இல்லை, சர்க்கரை கார்டு. என்.பி.எச்.எச்.-என்.சி. என்றால் எந்த பொருளும் கிடையாது.

2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழகத்தில் வந்தது. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு போனவர்களும் அங்குள்ள கடையில் கைரேகை வைத்து பொருள் வாங்கலாம்.

போன் நம்பர் முக்கியம்

பொருள் வாங்கியதும் பதிவு செய்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். வரும். வாங்காத பொருளுக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் சும்மா விடக்கூடாது. 1967க்கு புகார் சொல்லலாம். பழைய சிம்மை தூக்கிப் போட்டவர்கள் புது நம்பரை பதிவு செய்யாவிட்டால், தங்கள் பெயரில் யார் வாங்கினாலும் தெரியாமலே போய்விடும்.

சென்னையில் ஒரே கார்டு

நிஜமாகவே பணம் ஏற்றும் கார்டு சென்னையில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலுக்கு வந்த 'சிங்கார சென்னை' கார்டை, 2025 ஜனவரி முதல் மாநகர பஸ்சிலும் காட்டி டிக்கெட் எடுக்கலாம். சில்லரை தகராறு இல்லை.

பின் நம்பர் உஷார்

2016ல் வந்த யு.பி.ஐ. மூலம் டீக்கடையில் கூட பணம் கொடுக்கலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் 2022 மார்ச்சில் தனி வசதி வந்தது. பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்க வேண்டியதே இல்லை. "உங்களுக்கு பணம் வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடிதான்.

அப்படி பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் உடனே 1930க்கு போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கிறது.